திராட்சைச் சத்து மாத்திரையும் நம் மணிலாக்கொட்டையும்

(அண்ணாமலைநகர்க் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலுள்ள நெசவாளர் சங்கங்களுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் ஆய்வின்பொருட்டுச் செல்லுங்கால், அங்கத்தினர்கள் வரவு செலவு பற்றி மட்டுமன்றிப் பிற செய்திகளைப் பற்றியும் வினவுவது வழக்கம். அண்மையில் பன்முறை எழுந்த வினா ஒன்றுண்டு. “திராட்சையிலிருந்து எடுத்த சத்து என்று ஒரு மாத்திரை விற்கிறார்களே! அதை உண்டால் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் நீங்குமாம், முதுமையும் தள்ளிப்போகுமாம். உண்மைதானா, ஐயா?” என்பதே அவ்வினா. ஒரு சங்கத்திலோ, அம்மாத்திரையை மொத்தமாக வரவழைத்து அங்கத்தினர்களுக்குத் தவணையில் வழங்கலாம் என்று சிலர் யோசனையும் கூறினர்.

ஒரு புட்டி மாத்திரையின் விலை நெசவாளர் ஒருவரின் பல நாட் கூலியை விழுங்கவல்லது. அதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. இம்மாத்திரையை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுவோரும் இருக்கக்கூடும். ஆகவே இப்பொருள் யாது, இதனைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டவை யாவை, இதனால் நமக்கு ஆகக்கூடிய நன்மை எது என்பவற்றை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

பொருள் யாது?

இப்பொருளின் பெயர் ரெஸ்வெரட்ரால் என்பது. ஜப்பான் நாட்டு விஞ்ஞானி மிச்சியோ தகாவோகா என்பார் 1939-ஆம் ஆண்டில் வெராட்ரம் என்னும் செடியின் வேரிலிருந்து இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வரை இதனை அறிந்தோர் மிகச் சிலரே. 1976-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லாங்கேக், பிரைஸ் என்னும் இருவர் திராட்சைக் கொடியின் இலையில் இதனைக் கண்டனர். அவர்கள் கண்ட உண்மை சுவையானது. நலமாயுள்ள இலையில் இப்பொருள் அரிதாகவே காணப்பட்டது. பூசணம் தாக்கிய இலையிலும், கடும் ஒளிக்கதிர் பட்ட இலையிலும் இது மிகுதியாகச் சுரந்திருந்தது.

செடிக்கு ஓடி ஒளியக் கால் இல்லை. எதிரியை அடித்து விரட்டக் கையும் இல்லை. எனவே பூசணம் வந்து பற்றியவுடன், பற்றிய இடத்தைச் சுற்றி அப்பூசணத்துக்கு ஒவ்வாத சில இரசாயனப் பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊருக்குள் திருடன் புகுந்தபின் கூடும் காவற்படையைப் போன்றவை இவை. ரெஸ்வெரட்ரால் அத்தகைய காவற்பொருள்களுள் ஒன்று. திராட்சைப் பழத்தில் இது பெரும்பாலும் தோலிலேயே தங்கியிருக்கிறது. சதையில் மிகக் குறைவு.

நம் மாநிலத்தில் திராட்சைக்குப் பேர்பெற்ற இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் கருநிறப் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் பன்னீர் திராட்சையை உண்போர் பலர் தோலைத் துப்பிவிடுகின்றனர். இப்பொருளை வேண்டுவோர் பழத்தை நன்கு கழுவித் தோலுடன் மென்று உண்ணுதல் வேண்டும்.

புகழ் பரவிய விதம்

1992-ஆம் ஆண்டில் ரெனோ, லோர்ஜெரில் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மிகுதியாக உண்டும், அவர்களிடையே மாரடைப்பு ஒப்பளவில் குறைவாயிருப்பது ஏன் என்று ஆராய்ந்த அவர்கள், திராட்சை மது காரணமாயிருக்கலாம் எனக் கருதினர். அதே ஆண்டில் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அம்மதுவில் ரெஸ்வெரட்ரால் இருப்பதைக் கண்டறிந்தனர். இரண்டையும் இணைத்துப் பத்திரிகைகள் முழங்கின. 1997-இல் சுண்டெலிகளின் தோலில் புற்று தோன்றுவதை இப்பொருள் தடுத்ததாகச் செய்தி வந்தது. 2006-இல் கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த சுண்டெலிகளுக்கு இதனைக் கொடுத்தபோது, கொடுக்கப்படாத பருத்த எலிகளைவிட அவை நீண்டநாள் வாழ்ந்தன என்றும் அறிவித்தனர். 2008-ஆம் ஆண்டில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி, இவ்வழியில் மருந்து தேடிக்கொண்டிருந்த சிறிய கம்பெனி ஒன்றை 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் மாத்திரை வியாபாரம் செழித்ததில் வியப்பில்லை.

ஆனால் பின்னர் வந்த செய்திகள் அவ்வளவு உரக்க முழங்கப்படவில்லை. சாதாரணத் தீனி உண்ட எலிகளுக்கு இப்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் ஆயுள் கூடவில்லை. மேற்கூறிய கம்பெனி, இரத்தப் புற்றின் ஒருவகையால் வருந்திய நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் கொடுத்து நடத்திய பரிசோதனையில், சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால் 2010-இல் அப்பரிசோதனை நிறுத்தப்பட்டது. 2012-இல் அமெரிக்கக் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சியாளர் ஒருவர் இப்பொருள் பற்றிய ஆய்வுகள் உட்படப் பலவற்றில் 145 இடங்களில் பொய்யான விவரங்களைப் புகுத்தியிருந்ததாகக் கண்டு வெளியிட்டது. ஒருவர் செய்த பொய்யினால் ஏனையோர் ஆராய்ச்சியெல்லாம் பொய்யாகிவிடா. எனினும் விளம்பரத்தை நம்புமுன் இதனையும் நாம் நினைவிற்கொள்ளுதல் தகும்.

மதுவைப் பற்றி ஒரு சொல். இப்பொருளைக் காரணமாகக் காட்டி மது அருந்துதல் நன்றென்று கூறுவோர் உளர். ஒரு லிட்டர் சிவப்புத் திராட்சை மதுவில் இப்பொருள் சில மில்லிகிராமுக்கு மேல் இருப்பது அரிது. மதுவில் உடல்நலத்துக்குக் கேடற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்துவிட்டது. எனவே அந்த வாதம் எடுபடாது.

மனிதர் உடலில் நிகழ்வது

எலிக்கு ஆவது மனிதனுக்கும் ஆகுமா? 2004-ஆம் ஆண்டில் நடந்த ஒரு பரிசோதனையில் சிலருக்கு 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் குடலால் உறிஞ்சப்பட்டது. ஆயினும் உருமாறாத ரெஸ்வெரட்ராலாக இரத்தத்தில் எஞ்சியது மிகமிகச் சொற்பம். குடலும் ஈரலும் அதனை உடனுக்குடன் வேறு பொருள்களாக மாற்றிச் சிறுநீரின் வழியே வெளியேற்றிவிடுகின்றன. நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். தொட்டியில் சாயம் அடர்த்தியாகத்தான் இருக்கிறது. நூலும் அதனைக் குடிக்கிறது. ஆனால் முதல் அலசலிலேயே பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. அத்தகைய சாயத்துக்கு யார் அதிக விலை கொடுப்பர்?

உணவின் வாயிலாக இப்பொருளைப் பெறுவோர் நீண்டநாள் வாழ்கின்றனரா என்பதையும் ஆராய்ந்துள்ளனர். திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன இத்தாலி நாட்டுக் கியாந்திப் பகுதியில், 65 வயதுக்கு மேற்பட்ட 783 பேரின் சிறுநீரில் இப்பொருளின் சுவடுகளை அளந்து, 9 ஆண்டுக் காலம் அவர்களைக் கவனித்து வந்தனர். அதன் முடிவு 2014-இல் வெளியாயிற்று. இப்பொருளை மிகுதியாகப் பெற்றவர்க்கும் குறைவாகப் பெற்றவர்க்கும் இடையே மரணத்திலோ, இருதய நோயிலோ, புற்றுநோயிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

உதகைப் பரிசோதனை

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு பரிசோதனையும் உண்டு. உதகமண்டலத்து ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியைச் சேர்ந்தோர், சர்க்கரை வியாதியுள்ள 62 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினரும் வழக்கமான சர்க்கரை மருந்தை உண்டனர். ஒரு பிரிவினர்க்கு மட்டும் அதனுடன் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் 3 மாதம் கொடுக்கப்பட்டது. முடிவு 2012-இல் வெளியாயிற்று. மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு 9.99-லிருந்து 9.65-ஆகக் குறைந்தது. மேல் இரத்த அழுத்தமும் கொழுப்பும் ஓரளவு தாழ்ந்தன.

இச்செய்தியை விற்பனையாளர் எடுத்துக்காட்டக்கூடும். எனவே இதனை நிதானமாக நோக்குதல் வேண்டும். முதலாவது, அவர்கள் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை; அதனோடு சேர்த்தே இதனை உண்டனர். இரண்டாவது, 9.65 என்பதும் கட்டுக்கடங்காத சர்க்கரையையே காட்டும். மருத்துவர்கள் பொதுவாக 7-க்குக் கீழே கொண்டுவர முயல்கின்றனர். மூன்றாவது, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது மறைக்கப்படாத, சிறிய, குறுகிய காலப் பரிசோதனை அது.

பின்னர் இத்தாலியில் 192 சர்க்கரை நோயாளிகளிடம், உண்மை மாத்திரை எது, வெற்று மாத்திரை எது என்பது கொடுத்தவர்க்கும் உண்டவர்க்கும் தெரியாதவாறு 6 மாதம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2016-இல் வந்தது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் உண்டவர்க்கும் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் புலப்படவில்லை. ஆகவே இன்றுள்ள அறிவின்படி கூறத்தக்கது இவ்வளவே: இப்பொருளை ஆராய்தல் தகும்; மருந்தாகக் கொள்ளுமளவுக்கு அது மெய்ப்பிக்கப்படவில்லை.

கணக்குப் பார்ப்போம்

கூட்டுறவாளர்க்குக் கணக்கே கண். ஒரு கிண்ணம், அதாவது சுமார் 160 கிராம், கருந்திராட்சையில் இப்பொருள் 0.24 முதல் 1.25 மில்லிகிராம் வரை இருக்கிறது. கிண்ணத்துக்கு 1 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். உதகையில் கொடுத்த 250 மில்லிகிராமைப் பழத்திலிருந்தே பெற விரும்பினால், நாள்தோறும் 250 கிண்ணம், அதாவது 40 கிலோ திராட்சை உண்ண வேண்டும்! 100 கிராம் திராட்சையில் ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை வியாதியுள்ளவர் அப்பழத்தையே மருந்தென்று அளவின்றி உண்பாராயின் விளைவு என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் நிலத்து மணிலாக்கொட்டை

நிற்க. இப்பொருள் திராட்சையில் மட்டும் இருப்பதன்று. 1976-ஆம் ஆண்டிலேயே நிலக்கடலைச் செடியிலும் இது காவற்பொருளாகச் சுரப்பது கண்டறியப்பட்டது. நிலக்கடலையை நம் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் மணிலாக்கொட்டை என்றும், பேச்சுவழக்கில் மல்லாட்டை என்றும் வழங்குகிறோம். விருத்தாசலத்திலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வி.ஆர்.ஐ. என வழங்கும் நிலக்கடலை இரகங்கள் நம் விவசாயிகள் நன்கறிந்தவை.

அளவை நோக்குமிடத்து வியப்பான செய்தி ஒன்று புலனாகிறது. ஒரு கிண்ணம் பச்சைக் கடலைப் பருப்பில் 0.01 முதல் 0.26 மில்லிகிராம் வரையே இருக்க, வேகவைத்த கடலையில், 180 கிராம் கொண்ட கிண்ணமொன்றில், 0.32 முதல் 1.28 மில்லிகிராம் வரை இருப்பதாக அளந்துள்ளனர். அஃதாவது, அறுவடைக் காலத்தில் நம் வீடுகளில் உப்பிட்டு அவித்து உண்ணும் மல்லாட்டை, இப்பொருளைப் பொறுத்தமட்டில், விலையுயர்ந்த கருந்திராட்சைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. வறுத்த கடலையில் இது மிகக் குறைவு.

இதனால் அவித்த மல்லாட்டை சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது என்று எவரும் கொள்ளற்க. மேலே கண்ட கணக்கு இதற்கும் பொருந்தும். கடலையின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. 100 கிராம் உலர்ந்த பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. எண்ணெய் அதில் ஏறத்தாழப் பாதி. அவ்வெண்ணெயின் பெரும்பகுதி இருதயத்துக்குத் தீங்கற்ற வகை. தறியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்க்கு ஒரு கைப்பிடி போதும். இரத்த அழுத்தமுள்ளவர் உப்பைக் குறைத்து அவித்துக்கொள்ளுதல் வேண்டும். கடலை ஒவ்வாதவர் அதனைத் தொடவே கூடாது.

காவற்பொருளும் பூசண நஞ்சும்

இனி, விவசாய அங்கத்தினர் சிறப்பாகக் கவனிக்கத்தக்க பகுதிக்கு வருவோம். இப்பொருளால் மனிதனுக்கு நன்மை உண்டா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. செடிக்கு நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. அந்தக் காவல் தளரும்போது நேரும் தீமையோ நம் வீட்டுக்கும் சந்தைக்கும் வந்து சேர்கிறது.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மாண்டன. காரணம் தேடியபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டனர். இது ஈரலைத் தாக்கும்; நெடுநாள் உட்கொண்டால் ஈரற் புற்றை உண்டாக்கவல்லது. மஞ்சட்காமாலையின் ஒருவகையை விளைக்கும் ‘பி’ வைரஸ் உடலில் உள்ளவர்க்கு அபாயம் இன்னும் அதிகம். அவிப்பதனாலோ வறுப்பதனாலோ இந்நஞ்சு முற்றிலும் ஒழிவதில்லை. கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குகிறது. அதனைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் ஒரு கூறு வெளிப்படுகிறது.

காய் முற்றும் பருவத்தில் நிலத்தில் ஈரம் இருக்குமாயின், பருப்பு ரெஸ்வெரட்ரால் முதலிய காவற்பொருள்களைச் சுரந்து இப்பூசணத்தை எதிர்க்கிறது. கடைசி வாரங்களில் வறட்சி நீடித்துப் பருப்பில் ஈரம் குறைந்தால் அச்சுரப்பு நின்றுவிடுகிறது. அப்போது வெப்பமுற்ற மண்ணிலுள்ள பூசணம் தடையின்றிப் புகுகிறது. காய் பறித்துக் காய்ந்தபின்போ பருப்புக்கு இக்காவல் அறவே இல்லை. அதன்பின் அதற்குக் காவல் நாமே.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. பாசன வசதியுள்ளவர் காய் முற்றும் பருவத்தில் வறட்சி நீடிக்க விடாது ஒரு தண்ணீராவது கட்டுதல் வேண்டும்.

2. களையெடுக்கும்போதும் பறிக்கும்போதும் காயில் காயம் படலாகாது. காயம்பட்ட காய் பூசணத்துக்குத் திறந்த கதவு.

3. ஓட்டின் உட்புறம் கறுத்த பதத்தில் காலந்தாழ்த்தாது பிடுங்கி, உடனே உலர்த்துக. காயின் ஈரம் நூற்றுக்கு 8 பங்களவுக்கு வருமட்டும் காய வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிப்பது நல்ல அடையாளம். ஐயமிருப்பின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரமானி கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

4. எளிதில் உடைவதற்காகவோ எடை கூடுவதற்காகவோ காய்மீது நீர் தெளிக்கும் வழக்கத்தை அடியோடு விடுக. சில கிலோ எடைக்காகச் செய்யும் இக்காரியம் மூட்டை முழுவதையும் நஞ்சாக்கிவிடக்கூடும்.

5. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாதவாறு மரச்சட்டங்களின்மேல் அடுக்குக. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்கு ஒழுகாது பார்த்துக்கொள்க.

6. சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பூத்தவை ஆகியவற்றைப் பொறுக்கி விலக்குக. விலக்கியதை வீட்டுச் சமையலுக்கோ, செக்குக்கோ, மாட்டுக்கோ அனுப்பற்க. கசக்கும் பருப்பை யாரும் விழுங்கலாகாது.

உடல்நலத்தைப் பொறுத்தமட்டில் இன்னும் சில. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை பல்லாயிரவரிடம் ஆராய்ந்து பயன் மெய்ப்பிக்கப்பட்டவை. மருத்துவரைக் கேளாது அவற்றை நிறுத்துதல் கூடாது. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் போன்ற மருந்து உண்போர்க்கு ரெஸ்வெரட்ரால் மாத்திரை இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். அவர்கள் மருத்துவர் அனுமதியின்றி அதனைத் தொடற்க. மேலும், இத்தகைய சத்து மாத்திரைப் புட்டிகளில் ‘மருத்துவ உபயோகத்துக்கு அன்று’ என்னும் பொருள்பட அச்சிடுதல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயம். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளைக் கொண்டு அவ்வரியைப் படிக்கச் செய்து, விற்பவரிடம் அதற்கு விளக்கம் கேளுங்கள். வாயால் ‘மருந்து’ என்று கூறி, புட்டியில் ‘மருந்தன்று’ என்று அச்சிட்டு விற்கப்படும் சரக்குக்குச் சங்கம் பிணை நிற்கலாகாது.

முடிவாக ஒன்று. சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் உழைப்பிலிருந்து துளித்துளியாகச் சேர்ந்தது. அதனை மாத்திரைப் புட்டிகளில் முடக்குவதைக் காட்டிலும், கடலை உலர்த்த நல்ல சிமெண்டுக் களமும், தார்ப்பாயும், ஈரமானி ஒன்றும் வாங்கிப் பொதுவில் வைத்தல் பன்மடங்கு பயன் தரும். விவசாயச் சங்கமும் நெசவாளர் சங்கமும் அருகருகே உள்ள ஊர்களில், பூசணமற்ற நல்ல கடலையை விளைவித்தவரிடமிருந்தே நெய்பவர் வீட்டுக்கு நேரே வழங்க ஏற்பாடு செய்யலாம். விளைவிப்பவர்க்கு நியாய விலையும் நெய்பவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் புரதமும் அதனாற் கிடைக்கும். வரும் பேரவைக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.